முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில்

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியது நினைவிருக்கும். அதற்கு முன்னும் பின்னுமாக மூன்று வாரம் என் புல்லட் தாழ்வாரத்தில் கோணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. மழை விட்டு வெயில் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை கோணியை எடுத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தேன். நான்காவது உதைக்குப் பிடித்துக்கொண்டது. பிடித்த உடனே பின்னால் நீலப் புகை. கொஞ்சநஞ்சமில்லை, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணி தெரியாத அளவுக்கு.

வீட்டுக்காரி வாசலுக்கு வந்து நின்று, "ஏங்க, கொசு மருந்து அடிக்கிற வண்டிதான் வந்துட்டுதுன்னு நினைச்சேன்" என்றாள். அவள் அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உள்ளே போனவள் திரும்பி வந்து, "சத்தமும் ஒரு மாதிரி இருக்குதே, அன்னைக்கு மாதிரி" என்றாள்.

அந்த 'அன்னைக்கு' எது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வண்டி 1976 மாடல், 350 சிசி. ஊருக்கு லீவில் வந்த சுபேதார் ஒருவரிடமிருந்து 1983-ல் இரண்டாம் கையாக வாங்கினேன். அப்போது நான் மின்வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம். நெம்மேலியிலிருந்து கோவளம் பக்கமும் மாமல்லபுரம் பக்கமும் இரவு பகல் பாராமல் லைன் பார்க்கப் போக வேண்டும். இன்றைக்கு இருக்கிற ஈ.சி.ஆர். அப்போது இல்லை. 1998-க்குப் பிறகுதான் இந்த அகலமும் வேகமும் எல்லாம். அன்றைக்கு இருந்தது ஒற்றை வண்டிப் பாதை, இரண்டு பக்கமும் சவுக்கு, காற்றடித்தால் ரோடு முழுக்க மணல். அந்த ரோட்டில் ஏணியையும் கம்பிச் சுருளையும் கட்டிக்கொண்டு போக புல்லட்டை விட்டால் வேறு வண்டி கிடையாது.

இளம் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த வண்டி நம்ம ஊர் வண்டி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் கூட்டு சேர்ந்து திருவொற்றியூரில் ஆலை வைத்தார்கள். ராணுவத்துக்கு வண்டி வேண்டியிருந்தது, அதுதான் தொடக்கம். முதலில் அங்கிருந்து பாகம் பாகமாக வந்ததை இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். இங்கிலாந்துக் கம்பெனி கடையைக் கட்டிய பிறகும் திருவொற்றியூரில் அதே இன்ஜின் வந்துகொண்டே இருந்தது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் செய்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த சீரை மாப்பிள்ளை வீட்டுக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி! இப்போது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புது ஆலைகள். புது வண்டிகள் பட்டனைத் தொட்டால் கிளம்புகின்றன, புகை இல்லை, ஒழுகல் இல்லை. நல்ல வண்டிகள்தான். குறை சொல்லமாட்டேன்.

என் வண்டி அப்படியல்ல. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, பிறகு முழு மூச்சாக ஒரு உதை. இந்த வரிசையில் ஒன்றைத் தவறவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்கால் முட்டியில் அதன் முத்திரை எனக்கு இரண்டு இடத்தில் இருக்கிறது.

இந்த இன்ஜினுக்கு எப்போது வேலை செய்வது என்பதுதான் கேள்வி.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இதன் சிலிண்டர் வார்ப்பிரும்பு. உள் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடி ஓடி அந்தத் துளை தேய்ந்து கோணலாகும். லேத்தில் கொடுத்துத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். இதுதான் ரீபோர். பட்டறைக் கணக்கில் இதற்குப் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று பெயர். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. நாற்பதைத் தாண்டினால் பிஸ்டன் கிடைக்காது, உள்ளே ஸ்லீவ் அடிக்க வேண்டும். ஸ்லீவ் அடித்தும் ஓட்டுகிறார்கள். ஆனால் பழைய சிலிண்டரை அதன் சொந்த இரும்பில் ஓட்ட நான்கு தடவைதான். பிறந்த அளவிலிருந்து நான்கு படி. ஒருமுறை கடைந்துவிட்டால் திரும்பி வராது.

நான் அதில் முதல் படியை வீணடித்தவன்.

1987. அதுவும் மழைக்காலம். பத்து நாள் ஜுரத்தில் படுத்துவிட்டு எழுந்து வண்டியை எடுத்தால் இதே மாதிரி புகை. பதறிப்போய் நகரத்தில் ஒரு பெரிய ஒர்க் ஷாப்புக்கு எடுத்துப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் புகையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், "ரிங் போயிடுச்சு, போர் பண்ணணும்" என்றார். நானும் சரி என்றேன். பத்துக்குக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்றரை மாதச் சம்பளம். அடுத்த மழைக்காலம், வண்டி இரண்டு வாரம் நின்றது, எடுத்தேன், மறுபடியும் அதே புகை!

அப்போதுதான் திருப்போரூரில் பாய் கடைக்குப் போனேன். தகர ஷெட், ஒரு வைஸ், ஒரு டப்பா மண்ணெண்ணெய், அவ்வளவுதான் கடை. அவர் புகையைப் பார்த்துச் சிரித்தார். "ஈ.பி. சார், இது வியாதி இல்ல. வண்டி நின்னா ஆயில் பம்ப் வழியா கசிஞ்சு கிராங்க் பக்கம் போய்த் தேங்கிடும். ஸ்டார்ட் பண்ணா அது எரியும். அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க, போயிடும்" என்றார். போய்விட்டது. நல்ல சிலிண்டரைக் கடைந்து ஒரு படியைத் தின்றுவிட்டோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு கால்வாய்ப் பாலம் வரைக்கும் வந்து, ஓரமாக நிறுத்தி, ஒரு பீடி பிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். (அந்தப் பழக்கத்தை 1994-ல் விட்டாயிற்று.)

அந்தச் சூடு எனக்கு ஒரு கெட்ட பாடமாகப் போனது. அவசரப்பட்டால் நஷ்டம் என்று கற்றுக்கொண்டவன், அடுத்த முறை அவசரப்பட வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிட்டேன்.

1996-ல் கோடையிலிருந்தே இன்ஜினுக்குள் ஒரு தட்டல் இருந்தது. காலையில் எடுக்கும்போது சத்தம் இருக்காது. பத்து கிலோமீட்டர் ஓடிச் சூடானதும், மேட்டில் இழுக்கும்போது, அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக வரும். பாய் ஒருமுறை கேட்டுவிட்டு, "பிக் எண்ட் சார், விடாதீங்க, பிரிச்சிடலாம்" என்றார். தங்கை கல்யாணம் முடிந்த கடன் அப்போது. பார்க்கலாம் பாய், பார்க்கலாம் பாய் என்று ஐந்து மாதம் தள்ளினேன்.

நவம்பரில் ஒரு இரவு, பத்து மணி இருக்கும், அப்பாவுக்கு நெஞ்சு வலி. வேர்த்து ஊற்றுகிறது. 108 ஆம்புலன்ஸ் எல்லாம் 2008-ல் வந்தது. அன்றைக்கு ஊரில் கார் வைத்திருந்தவர் மெட்ராஸ் போயிருந்தார். நான் முன்னால், அப்பா நடுவில், தம்பி பின்னால் உட்கார்ந்து அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். திருப்போரூர் போய், அங்கிருந்து செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல். தூறல். மூன்று பேர் பாரம். என்னால் முடிந்த மட்டும் முறுக்கினேன்.

காட்டு ரோட்டில், முன்னும் பின்னும் ஒரு விளக்கு கிடையாது, தட்டல் திடீரென்று பலமாகி, ஒரு 'கடக்', பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. வண்டி அசைய மறுத்துவிட்டது. அப்பாவை ரோட்டோரம் தம்பி மடியில் படுக்க வைத்துவிட்டு நான் நடு ரோட்டில் நின்றேன். எத்தனை நேரம் என்று தம்பி ஒரு கணக்கு சொல்வான், நான் ஒரு கணக்கு சொல்வேன். கடைசியில் ஒரு ஜல்லி லாரி நின்றது. டிரைவர் கிளீனரை மேலே ஏறச் சொல்லிவிட்டு அப்பாவை முன் சீட்டில் சாய்த்துக்கொண்டார். பணம் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை.

அப்பா பிழைத்தார். இன்னும் ஆறு வருஷம் இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்த வண்டியில் அவர் ஏறவில்லை. கோபமெல்லாம் கிடையாது. "பஸ்ஸுலயே போறேன்டா" என்பார், அவ்வளவுதான். நான் வண்டியை எடுக்கும்போதெல்லாம் திண்ணையில் இருந்தபடி, "வண்டி நல்லா இருக்குதா?" என்று மட்டும் கேட்பார். 2002-ல் போகிற வரைக்கும் அந்தக் கேள்வியை விடவில்லை.

பாய் இன்ஜினைப் பிரித்தபோது கனெக்டிங் ராட் கருநீலமாகப் பொசுங்கியிருந்தது. பிஸ்டன் அடிப்பாகம் உடைந்து சிலிண்டரில் கோடு கோடாகக் கிழித்திருந்தது. இருபதுக்குக் கடைந்தால் கோடு போகவில்லை. முப்பதுக்குப் போக வேண்டியதாயிற்று. ஆக, என் அவசரத்தில் ஒரு படி, என் தாமதத்தில் இரண்டு படி. மிச்சம் இருப்பது நாற்பது ஒன்றுதான்.

இப்போது இந்த டிசம்பருக்கு வருகிறேன். புகை ஐந்து நிமிஷத்தில் அடங்க வேண்டும். முக்கால்வாசி அடங்கியது, முழுசாக அடங்கவில்லை. தட்டலும் இருக்கிறது. பெங்களூரில் இருக்கிற மகனுக்கு வீட்டுக்காரி போன் போட்டுவிட்டாள். அவன், "அப்பா, உங்களுக்கு எழுபது வயசு ஆச்சு. சென்னையில இதுக்குன்னே ஆள் இருக்காங்க, நல்ல விலைக்கு வாங்கிப்பாங்க, குடுத்துடுங்க" என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. அடுத்த மே மாதம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அந்த அலைச்சல் வேறு. ஆனாலும் நான் உடனே பதில் சொல்லவில்லை. இந்த முறை அவசரமும் வேண்டாம், தாமதமும் வேண்டாம், அளந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு நேரம்தானே சொத்து.

முதலில் ஆயில். குறி வரைக்கும் ஊற்றி, பெட்ரோல் பங்க் மீட்டர் மாதிரி நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு, 500 கிலோமீட்டர் ஓட்டினேன். வடநெம்மேலி முதலைப் பண்ணை, கோவளம், இந்தப் பக்கம் மாமல்லபுரம், கல்பாக்கம் என்று காலையில் போய் வெயில் ஏறுவதற்குள் வருவேன். குடிநீர் ஆலை ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது, 2013-ல் ஒன்று, 2024-ல் இன்னொன்று. அந்த லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போவதே ஒரு வேலை. குறைந்த ஆயில் 200 மில்லிக்குச் சற்று மேல். ஆயிரத்துக்கு அரை லிட்டருக்குள் இருந்தால் பயப்படாதே என்பது பாய் கணக்கு. கிட்டத்தட்ட எல்லையில் நிற்கிறது.

அடுத்து, புகை எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். தம்பி மகனைப் பின்னால் ஸ்கூட்டியில் வரச் சொன்னேன். இழுத்து முறுக்கும்போது புகை வந்தால் ரிங்கும் சிலிண்டரும் போச்சு. ஆக்ஸிலேட்டரை மூடி, வண்டி தன் வேகத்தில் ஓடி, மறுபடி திறக்கும்போது குப்பென்று வந்தால் வால்வு கைடு. "பெரியப்பா, முறுக்கும்போது ஒண்ணுமே இல்ல. பாலம் எறங்கி மறுபடி குடுக்கும்போதுதான் வருது" என்றான். நல்ல சேதி.

மூன்றாவது சோதனைக்கு என் எடைதான் கருவி. பிஸ்டன் மேலே வரும் இடத்தில் நிறுத்தி, கிக்கர் மேல் ஏறி நிற்க வேண்டும். நல்ல இன்ஜின் ஆளைத் தாங்கி, மெல்ல மெல்லத்தான் இறங்கும். என்னை மூன்று எண்ணுவதற்குள் இறக்கிவிட்டது. பிறகு பிளக்கைக் கழற்றி உள்ளே ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு, மூடி, மறுபடி ஏறி நின்றேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்தச் சந்தை அடைத்து, அதிக நேரம் தாங்கும். பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் காற்று கீழே போகவில்லை, மேலே வால்வு வழியாகப் போகிறது. கைடு தேய்ந்தால் வால்வு நேராக உட்காராது, ஆயிலும் இறங்கும், காற்றும் போகும். இரண்டும் ஒரே நோய். இதை வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எழுபது வயசில் ஓடாத வண்டி மேல் ஏறி நின்று எண்ணுகிறவனைப் பார்த்தால் யாருக்கும் கவலைதான் வரும்.

மிச்சம் அந்தச் சத்தம். அதை மட்டும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. காது அந்த இரவை நினைத்துக்கொண்டே கேட்கிறது. அதற்குப் பாய்தான் வேண்டும்.

பாய்க்கு இப்போது என்னைவிட நான்கு வயசு கூட. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று சரியாகத் தெரியாது. மகன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறான். ஷெட் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கிறது. வண்டியை நிறுத்தியதும், "நாளாச்சே சார், ஸ்டார்ட்லயே விடுங்க" என்றார். நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நுனியை கிராங்க் கேஸில் வைத்து, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டார். பிறகு சிலிண்டர் அடியில். பிறகு மேலே. என்னை ரோட்டில் ஒரு சுற்றுப் போய்ச் சூடாக்கிக்கொண்டு வரச் சொன்னார். மறுபடி கேட்டார்.

"பச்சையா இருக்கும்போது தட்டுது. சூடானா குறையுது. பிஸ்டன் ஆட்டம் சார், கொஞ்சம்தான். பிக் எண்ட் கல்லு மாதிரி இருக்குது. அன்னிக்கு வந்தது தலைகீழ் இல்ல? சூடானாதான வந்துது?"

எனக்கு வாய் வரவில்லை. 28 வருஷம் அந்தச் சத்தத்தை மனசில் வைத்திருந்தும் அந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்டுப் பிரிக்கத் தெரியவில்லையே.

நான் மனசில் வைத்திருந்ததைக் கேட்டேன். "பாய், எப்படியும் ஒருநாள் நாற்பதுக்குக் கடையணும். இப்பவே முழுசா பிரிச்சிடலாமா? நீங்க இருக்கும்போதே..." என்று இழுத்தேன். சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று தெரிந்தது.

அவர் வருத்தப்படவில்லை. "நான் போறதுக்கு முன்னாடி முடிச்சிடணும்னு பாக்குறீங்க" என்று சிரித்தார். "இன்ஜினுக்கு எப்ப வேணுமோ அப்பதான் சார் பிரிக்கணும். எனக்கு வயசாச்சுன்னு அதுக்கு ஏன் தண்டனை? ஹெட்ட மட்டும் தூக்குவோம். போர தொட்டுப் பாத்துட்டு சொல்றேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து ஹெட்டைக் கழற்றினோம். கழற்றினோம் என்றால் கழற்றியது நான். நட்டு எந்த வரிசையில் தளர்த்துவது, புஷ் ராடு எது எங்கே, எல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவர் சொல்லச் சொல்ல என் கை செய்தது. ஹெட் வந்ததும் அவர் எழுந்து, விரலைத் துடைத்துக்கொண்டு, சிலிண்டருக்குள் விட்டு ஆள்காட்டி விரல் நகத்தால் மேல் விளிம்பைச் சுற்றித் தடவினார். ரிங் ஓடாத அந்த மேல் விளிம்பு தேயாமல் நிற்கும், கீழே தேயத் தேய அங்கே ஒரு படி உண்டாகும். நகம் அதில் மாட்டினால் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சுற்று வந்தார். என் விரலையும் வைக்கச் சொன்னார். லேசாக ஏதோ தெரிந்தது, மாட்டவில்லை.

"விடுங்க சார். முப்பதுல இன்னும் இருக்குது. நீங்க ஓட்டுற ஓட்டத்துக்கு அஞ்சு வருஷம் போவும். அந்தப் பழைய ஃபில்டரத் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாத்துங்க, உங்க ஊரு மணலுதான் இத தின்னுது."

ஹெட்டை மட்டும் செங்கல்பட்டில் லேத்துக்குக் கொடுத்து இரண்டு கைடும் மாற்றி, வால்வு தேய்த்து வாங்கி வந்தேன். பூட்டியதும் நான்தான். இரண்டு நாள் ஆனது, பாய் பழைய நாளில் மதியத்துக்குள் முடிப்பார். டேப்பெட் வைக்கும்போது மட்டும், புஷ் ராடைத் தன் விரலால் உருட்டிப் பார்த்து, "இப்ப சரி" என்றார்.

அதோடு சென்னைக்குப் போன ஒருநாள் புதுப்பேட்டையில் அலைந்து நாற்பது பிஸ்டன் ஒன்றும், அதற்கான ரிங் செட்டும் வாங்கிவிட்டேன். கிரீஸ் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். மேலே ஒரு சீட்டில், எப்போது போட வேண்டும், என்ன அறிகுறி, நகம் எப்படி மாட்ட வேண்டும் என்றெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறேன். தம்பி மகன் படித்துப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இது உயில் மாதிரி இருக்கு" என்றான். அவனுக்கு இப்போது கிக்கர் பழக்கிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை அடி வாங்கிவிட்டான்.

மகனிடம் விற்கவில்லை என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ராத்திரில மட்டும் எடுக்காதீங்க" என்றான். ஒப்புக்கொண்டேன்.

புது வேலை பார்த்த பிறகு நேற்றோடு 200 கிலோமீட்டர் ஆகிறது. புகை இல்லை. ஹெட் ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு ஆயில் ஈரம். நட்டுகளை ஒருமுறை இறுக்க வேண்டும். நாளைக்கு ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார் பாய், இன்ஜின் ஆறியிருக்க வேண்டுமாம், அதனால் தள்ளுவண்டியில் ஏற்றி வரட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாம், நைட்டே கொண்டாந்து ஷெட்ல வுட்டுட்டு பஸ்ஸுல போங்க" என்றார். இப்போது மணி ஐந்து. இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும்.